அத்தையின் இடது கையும் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் டாய்லெட் சீட்டும்

பங்குனி மாதம் வாசல் தெளிக்கும்போது அத்தை வழுக்கி விழுந்துவிட்டார். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. முழங்கைக்குக் கீழே மாவுக்கட்டு, ஆறு வாரம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் சாத்துக்குடிப் பையை நீட்டிக்கொண்டே ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "நல்லவேளை, இடது கை."

மறுநாள் காலையில்தான் எந்தக் கை போயிருக்கிறது என்பது எங்களுக்கு உறைத்தது.

சோறு பிசைய வலது கை இருக்கிறது. கால் கழுவ? அத்தைக்கு எழுபத்தாறு வயது. வலது கையாலேயே கழுவிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "சோறு திங்கிற கை, தாயி" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. ஹெல்த் ஃபாசெட்டை வலது கையில் பிடித்து அடித்துப் பார்த்தார். கழுவுகிற கை சும்மா இருக்க, பீய்ச்சுகிற கை மட்டும் வேலை பார்த்தால் என்ன ஆகும்? சேலை நனைந்தது, தரை நனைந்தது, கட்டின் மேல் சுற்றியிருந்த பாலிதீன் பைக்குள்ளும் தண்ணீர் போனது. மூன்றாம் நாள் நானே உள்ளே போய்க் கழுவிவிட்டேன். எனக்கு அதில் ஒன்றுமில்லை, இரண்டு பிள்ளை வளர்த்தவள். ஆனால் அன்று ராத்திரி அத்தை சாப்பிடவில்லை. பசியில்லை என்றார். மறுநாளும் அரை இட்லியோடு எழுந்துவிட்டார். சாப்பிட்டால்தானே போக வேண்டியிருக்கும் என்று அவர் போட்ட கணக்கு எனக்குப் பிடிபட இரண்டு நாள் ஆனது.

நாத்தனார் மகன் ஜப்பானில் ஒரு வருடம் வேலை பார்த்தவன். போனில் இதைச் சொன்னதும், "பிடே சீட் மாட்டுங்க அத்தே, அங்க வீட்டுக்கு வீடு இருக்கு" என்றான். டோட்டோ கம்பெனி 1980லேயே 'வாஷ்லெட்' என்ற பெயரில் விற்க ஆரம்பித்ததாம். உட்காருகிற சீட்டுக்குள்ளேயே ஒரு சின்னக் குழல். திருகினால் அது வெளியே நீண்டு கழுவிவிட்டு உள்ளே போய்விடும். கடைக்காரர்கள் இதை 'பிடெட்' என்கிறார்கள். எங்கள் வீட்டில் இப்போது அதன் பெயர் தண்ணி சீட்டு.

என் வீட்டுக்காரருக்கு உடன்பாடு இல்லை. "ஆறு வாரக் கட்டுக்கு இவ்வளவு செலவா?" என்றார். கழுவிவிடப் போவது அவர் இல்லை என்பதால் அந்தக் கேள்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பைபாஸ் ரோட்டில் ஒரு சானிட்டரி ஷோரூமுக்குப் போனேன். பையன் நேராகக் கரண்டில் ஓடும் சீட்டிடம் கூட்டிப்போனான். 62,000 ரூபாய், ரிமோட் உண்டு. தண்ணீரைச் சூடாக்கும், காற்றடித்து உலர்த்தும். அப்புறம் ரொம்பப் பெருமையாக, "உட்கார்ற இடத்தையே சூடு பண்ணும் மேடம்" என்றான். தம்பி, மதுரை பழங்காநத்தத்தில் கத்திரி வெயில் நேரத்தில் குளிக்கிற தண்ணீரையே பிடித்து வைத்து ஆறின பிறகுதான் ஊற்றிக்கொள்கிறோம் என்றேன். அவனும் சிரித்துவிட்டான்.

சூட்டை விடுங்கள். நம் பாத்ரூம் காய்ந்த பாத்ரூம் இல்லை. குளிப்பதும் அங்கேதான், துணி அலசுவதும் அங்கேதான். வேலை செய்யும் அக்கா வாளியைத் தூக்கிச் சீட்டின் தலையிலேயே ஊற்றித்தான் தேய்ப்பார். அந்த ஈரத்துக்குள் கரண்ட் வைத்தால் சரியான எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே விழுந்து லைனை நிறுத்தும் ஆர்சிசிபி ஸ்விட்ச்சும் கட்டாயம் வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். எங்கள் வீட்டு வயரிங் மாமா காலத்தது. போதாக்குறைக்கு, மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குக் கரண்ட் போகும் நாளில் அத்தை என்ன செய்வார்? வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கரண்ட் இல்லாத வகையில் இரண்டு உண்டு. ஒன்று, இருக்கிற சீட்டுக்கு அடியில் செருகும், குழல் வைத்த தட்டு. விலை குறைவு. ஆனால் செருகியதும் சீட்டின் பின்பக்கம் தூக்கிக்கொள்கிறது, முன்பக்கம் சரிகிறது. கனத்த உடம்புக்காரர் உட்கார்ந்தால் ஆடும். இன்னொன்று பழைய சீட்டைக் கழற்றிப்போட்டு முழுசாக மாட்டும் சீட். அத்தைக்கு அதுதான் சரி என்று பட்டது.

நான் தையல் வேலை பார்ப்பவள். அளவெடுக்காமல் எதிலும் கத்திரி வைக்க மாட்டேன். முதல் தடவை கடைக்குப் போனபோது பையன் கேட்ட "ரவுண்டா, நீளமா, டி (D) ஷேப்பா?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து, கழுவித் துடைத்த கிளாசெட்டின் மேல் நியூஸ் பேப்பரை விரித்து, விளிம்பை விரலால் அழுத்தி மடித்து, சுடிதார் கழுத்துக்கு எடுப்பது மாதிரி பேட்டர்ன் வெட்டிவிட்டேன். போல்ட் ஓட்டை இரண்டுக்கும் நடுவே ஐந்தரை இஞ்ச், அதாவது 14 செ.மீ. ஓட்டையிலிருந்து முன்விளிம்பு வரை 43 செ.மீ. மறுநாள் அந்தப் பேப்பரைக் கடைத் தரையில் விரித்தபோது பக்கத்தில் டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். பையன் முதலில் எடுத்துவந்த சீட்டைப் பேப்பர் மேல் வைத்தான். இரண்டு மூலையும் வெளியே துருத்திக்கொண்டு நின்றன. அது டி ஷேப். அளக்காமல் வாங்கியிருந்தால் அதைத்தான் தூக்கிவந்திருப்பேன்.

இன்னொரு விஷயத்தையும் அங்கேயே பார்த்துக்கொண்டேன். திருகு எந்தப் பக்கம், எப்படிப்பட்டது? அங்கே இருந்தவற்றுக்கு எல்லாம் வலது பக்கம்தான். அத்தைக்கு வலது கை நன்றாக இருப்பதால் பிழைத்தோம். வலது பக்கம் வாதத்தில் இழுத்துக்கொண்டவர்களுக்கு வாங்குவதாக இருந்தால் இதைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். உருண்டைத் திருகு வேண்டாம், ஈரக்கையில் வழுக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி நல்லது, உள்ளங்கையின் ஓரத்தால் தள்ளினாலே நகரும். நான் வாங்கியது 4,350 ரூபாய்.

அதன் பெட்டியில் குறைந்தது 0.5 பார் தண்ணீர் அழுத்தம் வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. ப்ளம்பர் தம்பி அதை மீட்டர் எதுவும் இல்லாமலே கணக்குப் போட்டான். "33 அடி உசரத்துக்கு ஒரு பார், அக்கா. டேங்க்கு அடியில இருந்து சீட்டு வரைக்கும் எத்தனை அடின்னு பாருங்க, போதும்." எங்கள் வீடு கீழே ஒன்று, மேலே ஒன்று. மொட்டைமாடியில் நாலடி மேடை கட்டி அதன் மேல் டேங்க். கீழ் பாத்ரூமுக்கு 23 அடி கிடைக்கிறது, கிட்டத்தட்ட 0.7 பார், தாராளம். மாடி பாத்ரூமுக்கு 13 அடிதான், 0.4. அங்கே மாட்டினால் தண்ணீர் பீய்ச்சாது, ஒழுகும். மேல்மாடி இல்லாத வீட்டில், மேடையும் இல்லாமல் தளத்திலேயே டேங்க் வைத்திருப்பவர்கள் முதலில் இந்த அடிக்கணக்கைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.

மாட்டுவது அரை மணி வேலை என்று எழுதியிருந்தது. எங்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். பழைய சீட்டின் நட்டு துருப்பிடித்து ஒட்டிப்போய், ஆக்சா பிளேடு போட்டு அறுக்க வேண்டியதாயிற்று. பிறகு ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் ஆங்கிள் காக்கில், தண்ணீரை இரண்டாகப் பிரிக்கும் டி (T) இணைப்பு ஒன்றை மாட்டி, அதிலிருந்து சீட்டுக்கு ஒரு டியூப். பெட்டியோடு தந்த டி பிளாஸ்டிக். "இது தாங்காதுக்கா, பித்தளையில போட்டுக்குவோம்" என்றான் தம்பி. நான்தான் கம்பெனி கொடுத்ததை மாற்றுவானேன் என்றேன். இரண்டாம் மாதம் ஒரு ராத்திரி அது மரை விட்டுப்போய், விடிந்து பார்த்தால் பாத்ரூம் வாசல் கால்மிதி மிதந்துகொண்டிருந்தது. பித்தளை டி 280 ரூபாய். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை.

தம்பி கேட்ட இன்னொரு கேள்வி முக்கியமானது: இந்த லைனில் குடிக்கிற தண்ணீர் வருகிறதா? எங்களுக்கு போர் தண்ணீருக்குத் தனி டேங்க், கார்ப்பரேஷன் தண்ணீருக்குத் தனி டேங்க். பாத்ரூம் முழுக்க போர் லைன். ஒரே டேங்க் வைத்திருப்பவர்கள், சீட்டுப் பக்கத் தண்ணீர் குடிக்கிற லைனுக்குத் திரும்பிப் போகாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

முதல் நாள் அத்தையிடம் கைப்பிடியைக் காட்டிக்கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றேன். சத்தமே இல்லை. அப்புறம் "ஆத்தாடி!" என்று ஒரு குரல். என்னவோ ஏதோ என்று கதவைத் தட்டினால், "நீ போ தாயி, நான் வாரேன்" என்றார். ஐந்து நிமிடம் கழித்து, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தன் கட்டிலுக்குப் போனார். அன்று ராத்திரி மூன்று இட்லி. நான்காவது கேட்டு வாங்கியது.

சரி, குறைகள். இதில் உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் சென்சார் கிடையாது. கரண்டில் ஓடும் சீட்டுகளில்தான் அது இருக்கும். யாரும் உட்காராதபோது கைப்பிடியைத் தட்டினால் எதிர்ச் சுவர் வரைக்கும் அடிக்கும். லீவுக்கு வந்த பேரன் இதைக் கண்டுபிடித்து இரண்டு நாள் ஹோலி கொண்டாடினான். கழுவிய பிறகு ஈரம் நிற்கும். காற்றடிக்கும் வசதியெல்லாம் இதில் இல்லை. பழைய வேட்டியைக் கைக்குட்டை அளவுக்கு வெட்டி, ஓரம் அடித்து, இரண்டு டஜன் போட்டுவைத்தேன். ஒரு கையால் எடுத்து ஒற்றிக்கொள்ள வசதியாகத் தாழ்வாக ஓர் ஆணியில் பை.

சித்திரையில் ஒரு மத்தியானம் அத்தை போட்ட சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும். மொட்டைமாடி வெயிலில் கிடக்கும் பிவிசி பைப்பில் தேங்கி நின்ற தண்ணீர் நேராக வந்து அடித்திருக்கிறது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். உட்காருவதற்கு முன் ஒரு தடவை ஃப்ளஷை அழுத்திவிட்டால், டேங்க் நிரம்பும்போது சுடுதண்ணீர் முதலில் அதற்குள் போய்விடும். 62,000 ரூபாய் சீட் கொடுக்கும் வெந்நீர் எங்களுக்கு இலவசமாக, கேட்காமலே கிடைக்கிறது.

பெரிய தொல்லை உப்பு. எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 1,180 மில்லிகிராம். ஆடி மாதம் குழல் முனையில் வெள்ளையாகப் படிந்து, இருந்த ஐந்து துளையில் மூன்று அடைத்துக்கொண்டன. மீதி இரண்டும் ஆளுக்கொரு திசையில், அங்கிட்டும் இங்கிட்டுமாகப் பீய்ச்சின. ஆசிட் ஊற்றாதீர்கள், ரப்பர் வாஷர் போய்விடும். குழல் முனையைக் கையால் இழுத்துப் பிடித்து, சின்ன பாலிதீன் பையில் வினிகர் ஊற்றி, முனை மூழ்குகிற மாதிரி ரப்பர் பேண்ட் போட்டு ராத்திரி விட்டுவிடுவேன். காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் மணல் மாதிரி உதிரும். மாதம் ஒரு முறை இந்த வேலை உண்டு. ஆற்றுத் தண்ணீர் வருகிற வீடுகளுக்கு இவ்வளவு பாடு இருக்காது.

சுத்தமாகிறதா என்று எல்லாரும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். ஆகிறது, ஆனால் கை பட்டுக் கழுவிய திருப்தி இல்லை. கட்டுப் பிரித்து விரல்கள் மடங்க ஆரம்பித்ததும் அத்தையே சீட்டில் முதல் தண்ணீர், பிறகு மக்கில் மோந்து கையால் ஒரு தடவை என்று ஆக்கிக்கொண்டார். எனக்கு மக்கே போதும். கையும் காலும் நன்றாக இருக்கிறவர்கள் வீட்டுக்கு இது அவசியமில்லை, அழகுக்கு வாங்குவதானால் வாங்கிக்கொள்ளுங்கள். கையோ தோளோ முடியாதவர், பின்னால் திரும்பிக் குனிய முடியாதவர் யாராவது இருந்தால், சம்பளம் வந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பேட்டர்ன் வெட்டுங்கள்.

எதிர்வீட்டுப் பெரியம்மா மூட்டு ஆபரேஷனுக்கு நாள் பார்த்திருக்கிறார். போன வாரம் வந்து கைப்பிடியைத் தள்ளிப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு பேப்பர் வெட்டித் தரச் சொன்னார். போய்ப் பார்த்தேன். அவர்கள் வீட்டில் இருப்பது இரண்டு பக்கமும் கால் வைத்துக் குந்தும் மேடை உள்ள ஆங்கிலோ இந்தியன் கிளாசெட். இந்தச் சீட் அதில் உட்காரவே உட்காராது. கிளாசெட்டையே மாற்றவேண்டும், தரையை உடைக்கவேண்டும், பதினைந்து நாள் வேலை. பெரியப்பாவிடம் யார் சொல்வது என்று இரண்டு பேரும் யோசித்துக்கொண்டு நின்றோம்.