வலைப்பக்க ஓரத்தில் குறிப்பெழுதித் தேடுவது: ஹைப்போதெசிஸ் நெடுநாள் அனுபவம்

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கிற எங்களுக்கு வேண்டிய தகவல் இணையத்தில் நிறையவே இருக்கிறது. ஆனால் நீளமான ஒரு பிடிஎஃப்பின் நடுவில் ஒற்றைப் பத்தியாகக் கிடக்கும். இந்த சீசனில் தேடிப் பிடித்ததை அடுத்த சீசனில் மறுபடி பிடிப்பது பெரும்பாடு. அதற்காகத்தான் வலைப்பக்கத்தின் ஓரத்தில் குறிப்பெழுத உதவும் ஹைப்போதெசிஸ் (Hypothesis) என்ற கருவியைச் சில வருடங்களாக விடாமல் பயன்படுத்துகிறேன். இலவசம்தான். குரோமில் நீட்சியாக (extension) சேர்த்துவிட்டு, வேண்டிய வரியைத் தேர்ந்தெடுத்து ஓரத்தில் குறிப்பும் குறிச்சொல்லும் எழுதலாம். பிறகு ஹைப்போதெசிஸிலேயே தேடினால் அந்த வரியோடு பக்கத்தின் இணைப்பும் வரும்.

இதன் அருமை பழைய தமிழ்ப் பிடிஎஃப்களில்தான் தெரிந்தது. யூனிகோடுக்கு (இப்போது எல்லாக் கணினியும் ஏற்கும் பொது எழுத்துக் குறியீடு) முந்தைய எழுத்துருவில் இருப்பவை கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். தமிழில் என்ன தேடினாலும் அகப்படாது. 90களின் தொடக்கத்தில் நம் ஊர் இந்தியத் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போன தாய் சாக்புரூட் வைரஸ் பற்றிய கையேடு ஒன்று அப்படித்தான் கிடந்தது. புழுக்கள் பை போல நீர் கோத்துச் சாவதைச் சொல்லும் பத்தியைத் தேர்ந்தெடுத்து, ‘புழு சாவு’ என்று யூனிகோடில் எழுதி வைத்தேன். இப்போது அதை அடித்தால் நேரே அந்தப் பத்திக்கே போய்விடலாம்.

நண்பர்களோடு அதில் தனிக்குழுவும் வைத்திருக்கிறோம். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, தளிர் இலைக்காம்பின் சுரப்பியிலிருந்து வருகிறது என்று விளக்கும் ஒரு கட்டுரையின் ஓரத்தில், அருமனை நண்பர் தன் பக்கத்தில் தளிர்விடும் காலத்தை எழுதியிருந்தார். தேனீப் பெட்டியை எப்போது கொண்டுபோவது என்று முடிவெடுக்க எனக்கு உதவியது அந்தக் குறிப்புதான்.

குறைகளும் உண்டு. ஸ்கேன் செய்த படமாக இருந்தால் வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. தளத்துக்காரர்கள் பக்கத்தை மாற்றி எழுதினால் குறிப்பு இடம் இழந்து தனியே நிற்கும். கூகுள் தேடலில் இவற்றால் ஒரு மாற்றமும் வராது. அப்புறம், நீங்கள் மாற்றாவிட்டால் குறிப்பு எல்லோருக்கும் தெரியும்படிதான் சேமிப்பாகும், கவனம்.

கூகுளே 2009இல் சைட்விக்கி என்று இதே மாதிரி ஒன்றைத் தொடங்கி 2011இல் மூடிவிட்டது. அதனால் முக்கியமான பக்கங்களின் குறிப்புகளை அவ்வப்போது ஏற்றுமதி செய்து வைக்கிறேன். சரி, போனில் எப்படி? ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சி வேலை செய்யாது. தோட்டத்தில் நிற்கும்போது பழைய குறிப்பைத் தேடிப் படிக்கப் போன் போதும். புதிதாக எழுத வீட்டுக்கு வந்து கணினியைத்தான் திறக்கிறேன்.