உடற்பயிற்சி விஞ்ஞான முதுமாணிக்குக் காசு கட்டப் போகிறீர்களா? வெள்ளவத்தையில் எங்களுக்கு நடந்தது

கொழும்பில் உடற்பயிற்சி விஞ்ஞானம் அல்லது கினீசியோலஜியில் (உடல் அசைவைப் படிக்கும் துறை) முதுமாணி படிக்க ஆயத்தமாகிறவர்கள், காசு கட்ட முன் இதை முழுக்க வாசியுங்கள். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் தனியார் கல்வி நிலையம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைச் சொல்லி ஆட்களைச் சேர்க்கிறது. பதிவுக் கட்டணமும் முதல் தவணையும் சேர்த்து 420,000 ரூபா கட்டினேன். படிப்பும் கிடைக்கவில்லை, காசும் திரும்பி வரவில்லை. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

நான் இயன்மருத்துவர். முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து வரும் பாடசாலைக் கிரிக்கெட் பிள்ளைகளைத் திரும்ப ஓட வைப்பதுதான் என் அன்றாட வேலை. பிள்ளை நோவில்லாமல் நடக்கத் தொடங்கிய பிறகுதான் கஷ்டமான கேள்விகள் வரும். எவ்வளவு சுமை கொடுக்கலாம், எந்த வேகத்தில் திருப்பலாம், எப்போது பந்து போட விடலாம்? இதற்கு உயிரியக்கவியலும் உடற்பயிற்சி உடற்றொழிலியலும் ஆழமாகப் படிக்க வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவனத்தில் விளையாட்டு மருத்துவம் இருக்கிறது, ஆனால் அது டொக்டர்மாருக்கு. சபரகமுவவில் விளையாட்டு விஞ்ஞானம் இளமாணியாக இருக்கிறது. இயன்மருத்துவர், பி.ரி. மாஸ்டர், பயிற்றுநர் என்று இந்தத் துறையில் நிற்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அடுத்த படி தேடுவது பெரும்பாடு. அந்தத் தவிப்பை வைத்துத்தான் இவர்கள் வியாபாரம் செய்கிறார்கள்.

இணைப்பாளராக இருந்த பெண் மிகவும் பணிவாகக் கதைத்தார். “அக்கா, இந்தக் கிழமைக்குள்ள கட்டினா கழிவு இருக்கு. லாப் வசதி எல்லாம் இருக்கு. வெளிநாட்டு சேர்மார் சூம்ல வருவினம்.” கையேட்டில் ஆய்வுகூடப் படமும் இருந்தது. ஃபோர்ஸ் பிளேட் (கால் நிலத்தை அழுத்தும் விசையை அளக்கும் தட்டு), முகத்தில் குழாய் பொருத்தி ஓடும் வீரர், சுற்றிவர கமராக்கள். வெளிநாட்டுச் சேர் ஒருவரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் யாரோ தயாரித்த ஸ்லைட்டுகளை வாசித்துக் காட்டினார்கள். அதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஆய்வுகூட நாளில் நடந்ததைத்தான் எல்லோரும் அறிய வேண்டும்.

பம்பலப்பிட்டியில் ஒரு தொடர்மாடியின் கீழ்த்தளத்து ஜிம்முக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ட்ரெட்மில்லுக்குப் பின்னால் நிலையத்தின் பதாகை. அன்றைய பாடம் வி.ஓ.2 மெக்ஸ், அதாவது உச்ச உழைப்பில் உடம்பு நிமிடத்துக்கு எவ்வளவு ஒட்சிசன் பாவிக்கிறது என்று அளப்பது. விரிவுரையாளராக வந்தவர் பையிலிருந்து இரண்டு பக்கமும் திருகும் வால்வு வைத்த கறுப்பு ரப்பர் முகமூடியை எடுத்தார். ட்ரெய்னிங் மாஸ்க் என்று கடைகளில் விற்கும் அதே சாமான். குழாய் இல்லை. வாயுவைப் பகுத்துப் பார்க்கும் கருவியும் இல்லை. அளவு எங்கிருந்து வந்தது என்றால், ஓடுகிறவரின் கையில் கட்டிய ஸ்மார்ட் வோட்ச்சிலிருந்து.

அந்த முகமூடி எதையும் அளப்பதில்லை. மூச்சுப் போக்கை இறுக்குவது மட்டுமே அதன் வேலை. மலை உச்சியில் பயிற்சி செய்வது போல என்று அவர் சொன்னதும் பொய். மலையிலும் காற்றில் ஒட்சிசன் அதே 20.93 வீதம்தான், அங்கே குறைவது காற்றழுத்தம். எந்த வால்வைத் திருகினாலும் முகமூடி அந்த அழுத்தத்தைக் குறைக்காது. உண்மையான பரிசோதனையில், வெளிவிடும் மூச்சின் கனவளவையும் அதிலுள்ள ஒட்சிசன், காபனீரொட்சைட்டு அளவுகளையும் கருவி தொடர்ந்து அளக்கும். பரிசோதனைக்கு முன் செறிவு தெரிந்த வாயுவாலும் 3 லீற்றர் சிரிஞ்சாலும் கருவியைச் சரிபார்ப்பார்கள். 1920களில் உடற்றொழிலியலாளர் ஏ.வி. ஹில், டக்ளஸ் பை என்ற பெரிய காற்றுப் பையைக் கட்டிக்கொண்டு புல்வெளியில் ஓடியது வெளிவிட்ட மூச்சை முழுவதும் பிடிக்கத்தான். நூறு வருடத்துக்கு முன் ஒரு பையை வைத்துச் செய்ததைக்கூட இவர்கள் செய்யவில்லை. வோட்ச் காட்டுவது இதயத் துடிப்பையும் வேகத்தையும் வைத்துப் போடும் மதிப்பீடு. வீட்டில் பார்ப்பதற்கு அது போதும். முதுமாணி ஆய்வுகூடத்தில் அதை அளவீடு என்று எழுதக் கொடுப்பது மோசடி.

அதோடு நின்றிருந்தால் காசு போனது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். எங்கள் வகுப்பில் மலையகப் பாடசாலை ஒன்றின் பி.ரி. மாஸ்டர் இருந்தார். வயது 52. இரவு பஸ்ஸில் வந்து, வகுப்பு முடிய இரவு பஸ்ஸிலேயே திரும்புகிறவர். அவரைத்தான் முதலில் ஏற்றினார்கள். புரூஸ் முறை என்று போனைப் பார்த்து வாசித்து, மணிக்கு 2.7 கிலோமீற்றர் வேகத்தில், 10 வீதச் சரிவில் தொடங்கினார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். இதயநோய்ப் பரிசோதனைக்காக உருவான முறை அது. ஈ.சி.ஜி. பூட்டி, பக்கத்தில் ஆயத்தமாக ஆட்களை வைத்துச் செய்வார்கள். இங்கே பிரஷர் பார்க்கும் கருவிகூட இல்லை. இருதய வருத்தம் இருக்கிறதா, நெஞ்சு நோகிறதா, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒப்புதல் படிவமும் இல்லை.

மாஸ்டரின் முகம் வியர்த்து வெளிறிக்கொண்டு வந்தது. விரிவுரையாளர் வோட்ச்சைப் பார்த்துவிட்டு, “சேர், இன்னும் 118 தானே. உங்கட வயசுக்கு 168 வரைக்கும் போகலாம், பயப்பிடாதேங்கோ” என்று சொல்லி வேகத்தைக் கூட்டினார். 220இலிருந்து வயதைக் கழித்து வந்த கணக்கு. “மாஸ்டர், பிரஷருக்குக் குளிசை ஏதும் போடுறீங்களா?” என்று நான் கேட்டேன். முகமூடிக்குள்ளால் “அட்டெனலோல்” என்றார். அந்தக் குளிசை இதயத் துடிப்பை ஏற விடாது. அதைப் போடுகிறவருக்கு 118 என்பதே கடும் உழைப்பாக இருக்கலாம். 220 கணக்கு அவருக்குச் செல்லவே செல்லாது. எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று அவரிடமே கேட்டு, போர்க் அளவுகோலில் 6 முதல் 20 வரை சொல்ல வைக்க வேண்டும். இது இளமாணி மட்டத்துப் பாடம். நான் சிவப்புக் கயிற்றை இழுத்து ட்ரெட்மில்லை நிறுத்தினேன். மாஸ்டர் அப்படியே கைப்பிடியில் சரிந்தார். நிலத்தில் படுக்க வைத்து, காலை உயர்த்திப் பிடித்து, அவர் கதைக்கும் வரை என் கை நடுங்கியது. விரிவுரையாளர் சொன்னது: “சாப்பிடாமல் வந்திருப்பார் போல.”

ஆய்வுக் கட்டுரை விஷயமும் இதே மாதிரித்தான். மேற்பார்வையாளர் யார் என்று கேட்டால் பதில் இல்லை. மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும் முன்கூட்டியே ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஏற்று, பின்னர் திருத்திக்கொண்டே வரும் ஹெல்சிங்கி பிரகடனம் சொல்வது அதைத்தான். இணைப்பாளர் சொன்னார்: “அதுக்கு ஃபோர்மட் இருக்கு அக்கா, டேட்டாவும் நாங்களே தருவம்.” அளக்காத தரவை வைத்து ஆய்வு எழுதிக் கையொப்பம் போடச் சொல்கிறார்கள்.

பிறகு வோட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் போனேன். இவர்கள் சொன்ன பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதாக இல்லை. சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கம் யுனெஸ்கோவோடு சேர்ந்து நடத்தும் உலக உயர்கல்வித் தரவுத்தளத்திலும் அந்தப் பெயர் கிடையாது. அதை யாரும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். நிலையத்தின் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது கம்பனிப் பதிவுச் சான்றிதழ். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் ஒரு புடவைக்கடையும் அதே பதிவை எடுக்கலாம். பட்டம் கொடுக்கும் அதிகாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அவர்கள் தரும் நேரசூசியை வைத்தே கணக்குப் பார்க்கலாம். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் ஆய்வோடு கூடிய முதுமாணி 10ஆம் மட்டம், 60 திறமைப்புள்ளி (கிரெடிட்). ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலக் கற்றல். மொத்தம் குறைந்தது 3,000 மணித்தியாலம், வீட்டில் படிப்பதும் சேர்த்து. இவர்கள் ஒன்பது மாதத்தில், ஞாயிறுகளில் நான்கு மணித்தியாலம் வைத்து அந்த மட்டத்தைத் தருவதாக எழுதியிருந்தார்கள். வேலைக்குப் போகிற ஒருவர் கிழமைக்கு இருபது மணித்தியாலம் வீட்டில் படித்தாலும் ஆயிரத்தை எட்டாது.

காசைத் திருப்பிக் கேட்டதும் “அக்கா” போய் “மிஸ்” ஆகிவிட்டது. பற்றுச்சீட்டின் பின்பக்கம் சிறிய எழுத்தில், கட்டிய காசு திருப்பித் தரப்படாது என்று அச்சடித்திருப்பதைக் காட்டினார்கள். வாக்களித்த சேவையே தராதபோது அந்த வரியை வைத்துத் தப்ப விடக் கூடாது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிலும் (1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்) பொலிஸிலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.

எந்த நிலையமாக இருந்தாலும் முதலில் ஆய்வுகூடத்தைக் கண்ணால் பார்க்கக் கேளுங்கள். வாயுப் பகுப்பாய்வியைக் கடைசியாக எப்போது, எதை வைத்துச் சரிபார்த்தீர்கள் என்று கேளுங்கள். அதற்குத் தடுமாறுகிறவரிடம் படிப்பதற்கு ஒன்றும் இல்லை. மேற்பார்வையாளரின் பெயரை எடுத்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கும் முகவரிக்கு நீங்களே எழுதுங்கள். வெளிநாடு போய்ப் படிக்கக் கூடியவர்கள் இடைத்தரகர் இல்லாமல் நேரே விண்ணப்பிக்கலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கினீசியோலஜித் துறைகளில் படிக்கும்போதே செய்யும் உதவி ஆசிரியப் பணி கிடைத்தால் கல்விக் கட்டணத்தைக் குறைப்பதும் முழுதாக விடுவதும் உண்டு. ஒரு பேராசிரியரின் ஆய்வை வாசித்துவிட்டு அவருக்கு எழுதும் மின்னஞ்சலுக்குக் காசு தேவையில்லை.

மாஸ்டர் இப்போது நலம். நான் சொல்லி டொக்டரிடம் போய் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டார். அவரும் இன்னும் சிலரும் என்னோடு சேர்ந்து கூட்டு முறைப்பாடு எழுதுகிறோம். அதே வகுப்பில் படித்தவர்கள் பற்றுச்சீட்டு, வங்கி வைப்புச் சீட்டு, வட்ஸ்அப் குரல் பதிவு எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். இரண்டாம் தவணை கேட்டு அழைப்பு வந்தால் கட்டாதீர்கள். அடுத்த அணிக்கு ஆள் சேர்ப்பது தொடங்கிவிட்டது. கையேட்டில் அதே ஆய்வுகூடப் படம்தான் இருக்கிறது.