ஃபார்மால்டிஹைடு இல்லாத மைக்ரோகேப்ஸ்யூல்: உறை நன்று, விளம்பரம் மிகை

‘அறையைக் குளிர்விக்கும்’ என்ற விளம்பரத்தோடு, உட்புறச் சுவர்ப் பெயின்டில் கலப்பதற்கென விற்கப்படும் ஒரு மைக்ரோகேப்ஸ்யூல் குழம்பைச் சில வாரங்களாகச் சோதித்து வருகிறேன். மைக்ரோகேப்ஸ்யூல் என்பது நுண்ணிய உறை; இதில் அக்ரிலிக் உறைக்குள் ஆக்டாடெக்கேன் என்னும் மெழுகு அடைக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 28 பாகை செல்சியஸில் உருகும் அது, உருகும்போது வெப்பத்தை உள்வாங்கி, இறுகும்போது திருப்பித் தருகிறது. உருகிய மெழுகு கசியாமல் காப்பதே உறையின் வேலை.

இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் மெலமின்-ஃபார்மால்டிஹைடு உறை மிக இறுக்கமானது. அந்த வகையில் அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால், வினைபுரியாமல் எஞ்சும் ஃபார்மால்டிஹைடு மெல்ல மெல்லக் காற்றில் கலக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்திய அப்பொருளைப் படுக்கையறைச் சுவரில் பூச யாரும் விரும்பமாட்டார்கள். அக்ரிலிக் உறை உருவாகும் வினையிலோ ஃபார்மால்டிஹைடுக்கு இடமே இல்லை. ஆயினும், குழம்பு கெடாமலிருக்கச் சேர்க்கப்படும் பதனப்பொருள்களில் சில அதையே வெளியிடக்கூடியவை என்பதால், உறையைப் பற்றி மட்டுமன்றிப் பதனப்பொருளைப் பற்றியும் விற்பவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

முதல் முறை, குழம்பை நிறமியோடு சேர்த்து அதிவேகக் கலக்கியில் இட்டது என் தவறு. உறைகள் உடைந்து, உலர்ந்த பூச்சின் மேல் மெழுகுப் பிசுக்குப் படிந்தது. நிறமியை அரைத்து முடித்த பின், கடைசியாகச் சேர்த்து மெதுவாகக் கிளறியபோது அந்தத் தொல்லை இல்லை. கரைப்பான் கலந்த பெயின்டில் அக்ரிலிக் உறை ஊதிப் பருக்கக்கூடும் என்பதால், நீர் சார்ந்த பெயின்டோடு நிறுத்திக்கொண்டேன்.

என் மனக்குறையெல்லாம் ‘அறையைக் குளிர்விக்கும்’ என்ற அந்த விளம்பர வாசகத்தின் மீதுதான். 0.2 மில்லிமீட்டர் பூச்சு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிராம் எடையிருக்கும் என்று கொள்வோம். அதில் 30 விழுக்காடு கேப்ஸ்யூலும், கேப்ஸ்யூலில் முக்கால் பங்கு மெழுகுமாக இருந்தால் மெழுகு 45 கிராம்தான். உருகும்போது உள்வாங்கும் வெப்பம் (உள்ளுறை வெப்பம்) கிராமுக்கு ஏறத்தாழ 240 ஜூல் என்ற கணக்கில், மொத்தம் 11 கிலோஜூலுக்குச் சற்றுக் குறைவு. சுவரில் ஏற்கெனவே இருக்கும் ஒரு சென்டிமீட்டர் ஜிப்சம் சாந்து, ஒரே ஒரு பாகை சூடேறும்போதே ஏறக்குறைய இவ்வளவு வெப்பத்தை எடுத்துக்கொண்டுவிடும். ஆகவே, அடுத்த முறை இக்குழம்பை வாங்கினால் பெயின்டுக்காக வாங்கமாட்டேன்; பல மில்லிமீட்டர் தடிமனாகப் பூசும் சாந்தில் கலப்பதற்கே வாங்குவேன்.