48 வயசுல சிட்டிசன்ஷிப் டெஸ்ட், அதுக்கு ஒரு ஆப்: 3 ஸ்டார்

பிரிட்டன் சிட்டிசன்ஷிப்புக்கு எழுதற லைஃப் இன் தி யூகே டெஸ்ட்டுக்காக காசு குடுத்து ஒரு ப்ராக்டிஸ் ஆப் வாங்கினேன், பேரு வேணாம். மாக் டெஸ்ட் நிஜம் மாதிரியேதான், 24 கேள்வி, 45 நிமிஷம், 18 சரியா வந்தா பாஸ். நைட் ஷிப்ட் முடிஞ்சு பஸ்ல வர்றப்போ ரெண்டு செட் போட்டுடுவேன். ஆனா அதே கேள்விங்க திரும்பத் திரும்ப வருது, நாலாவது நாள்ல படிக்காமலே கை தானா 'பி'ய தட்டுது, அதுக்கு 22 மார்க்னு வேற காட்டி உசுப்பேத்துது!

அப்புறம் ஒழுங்கா கைட் புக்க எடுத்து உக்காந்தேன். இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியோட ஆறு பொண்டாட்டி பேரையும் அடுப்படில நின்னு ஒப்பிச்சா பையன் விழுந்து விழுந்து சிரிக்கறான். 1066ல என்ன நடந்துச்சு, 1215ல என்ன நடந்துச்சுன்னு இன்னும் குழப்பம்தான். 1810ல லண்டன்ல முதல் கறி ஹவுஸ் தொறந்தவரு சேக் தீன் முகமதுன்னு நம்ம இந்தியாக்காரர், அது மட்டும் ஒரே தடவைல மண்டைல ஏறிடுச்சு, சோத்து மேட்டர் இல்லையா.

ஃபெயிலானா ஒவ்வொரு தடவையும் 50 பவுண்டு கட்டணும், அதனால ஆப்ப மட்டும் நம்பாதீங்க. புக் பண்றப்போ ஐடில இருக்கற மாதிரியே பேர போடுங்க, நம்ம இனிஷியல் தகராறு இங்கயும் உண்டு.