காலியான பாத்திக்குக் கடுகா, ஃபசீலியாவா, ரையா?

பிரிட்டனில் அலாட்மென்ட் தோட்டம், அதாவது பலருக்குத் துண்டு துண்டாக வாடகைக்கு விடும் தோட்ட நிலம், வைத்திருப்பவர்களுக்கு ஆகஸ்ட் கடைசியில் கை ஓயாது. ரன்னர் பீன்ஸை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் காய் முற்றிப்போகும், கொடியும் காய்ப்பைக் குறைத்துவிடும். தாள் சாய்ந்த வெங்காயத்தைப் பிடுங்கி உலர்த்த வேண்டும். இந்த அவசரத்தில், வெங்காயமும் உருளைக்கிழங்கும் எடுத்த பாத்தியை அப்படியே விட்டுவிடுகிறோம். மண்ணில் மிஞ்சிய நைட்ரேட்டைக் குளிர்கால மழை கரைத்துக்கொண்டு போய்விடும். வளர்ந்ததும் மண்ணிலேயே மடக்கிவிடும் பசுந்தாள் உரப்பயிர் விதைத்தால் அந்தச் சத்து செடிக்குள் தங்கும். ஊரில் நாம் பழகிய தக்கைப்பூண்டும் சணப்பும் இந்தக் குளிரில் நிற்காது. வேறு பயிர்தான் வேண்டும்.

முதலில் எல்லோரும் எடுப்பது கடுகு. சில நாளில் முளைக்கும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் மடக்கும் அளவுக்கு வளர்ந்துவிடும். மடக்க நேரமில்லாவிட்டாலும் கடும் உறைபனியில் தானே மடிந்து மூடாக்காகிவிடும். வேகத்தில் இதற்கு ஈடில்லை. ஆனாலும் அலாட்மென்டில் கடுகு விதைக்க எனக்கு மனம் வராது. அது முட்டைக்கோஸ் குடும்பம். அந்தக் குடும்பத்தையே தாக்கும் கிளப்ரூட் நோயில் வேர்கள் முண்டு முண்டாக வீங்கிச் செடி வாடும். நோயின் வித்துகள் மண்ணில் 20 ஆண்டுகள் வரைகூட உயிரோடிருக்கும். பக்கத்துப் பாத்திகளில் ஆளாளுக்குப் பயிர் செய்யும் இடத்தில், செருப்பு மண்ணும் கடன் வாங்கிய மண்வெட்டியும் போதும் அது பரவ. பிராக்கோலி, கேல், முள்ளங்கி என்று நாம் விரும்பி வைப்பதில் பாதி அந்தக் குடும்பம்தான்.

ஊதாப் பூப் பூக்கும் ஃபசீலியாச் செடிக்கு அந்தக் கவலை இல்லை. நாம் வைக்கும் எந்தக் காய்கறிக்கும் அது உறவில்லை, அதனால் பயிர்ச் சுழற்சியில் எங்கு வேண்டுமானாலும் நுழைக்கலாம். கடுகைப் போல வேகம் கிடையாது, கடுங்குளிரில் கருகவும் செய்யும். ஒரு மூலையைப் பூக்க விட்டால் தேனீக்கள் மொய்க்கும். விதை விழ விட்டால் மறு ஆண்டு தானாக முளைக்கும்.

ரை கோதுமை போன்ற தானியப் பயிர், குளிர் முழுக்கப் பச்சையாக நிற்கும். அதன் அடர்ந்த சல்லிவேர் களிமண்ணுக்கு நல்லது. மடக்குவதுதான் பாடு, வேரோடு புரட்டாவிட்டால் திரும்பத் துளிர்க்கும். அழுகும்போது சிறு விதைகளின் முளைப்பையும் தடுக்கும். ஆகவே கேரட் விதைக்கப்போகும் பாத்தியில் ரை வேண்டாம். பூசணி, கூர்ஜெட், மக்காச்சோளம் என நாற்றாக நடுவதற்குச் சரி, அதுவும் மடக்கி ஒரு மாதம் விட்டு.

பட்டாணி, பீன்ஸ் குடும்பத்து ஃபீல்ட் பீன்ஸும் உண்டு. தழைச்சத்தைச் சேர்க்கும், நவம்பர் வரை விதைக்கலாம். அடுத்து அதே பாத்தியில் பட்டாணியோ பீன்ஸோ வைப்பதாக இருந்தால் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

என் தேர்வு ஃபசீலியா. செப்டம்பர் நடுவுக்குள் விதை மண்ணில் விழுந்துவிட வேண்டும். அதற்குள் பாத்தி காலியாகாவிட்டால், கேரட் வராத இடமாகப் பார்த்து ரை தூவிவிடுங்கள்.