ஆறு வருடமாக ஒரே கல்சட்டி

மாக்கல்லில் குடைந்த சமையல் சட்டிதான் கல்சட்டி. என்னிடம் முதலில் வந்தது 19 நாள்தான் தாங்கியது. இப்போது இருப்பது இரண்டாவது. 2019 தை மாதம் வாங்கினேன், ஆறு வருடம் தாண்டிவிட்டது, இன்றும் அடுப்பில் இருக்கிறது. வேலைக்காக மயிலாடுதுறையில் தனியாக இருக்கிறேன், குடும்பம் தஞ்சாவூரில். சமையல் எனக்குப் பொழுதுபோக்கெல்லாம் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சோறும் ஒரு குழம்பும் ஆக வேண்டும், அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஆளுக்குக் கல்சட்டி சரிப்படுமா என்று அலுவலகத்தில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

முதல் சட்டியை ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள ஒரு கடையில் வாங்கினேன். "பழக்கின சட்டி சார், அப்படியே அடுப்புல வைக்கலாம்" என்றார் கடைக்காரர். எண்ணெய் தடவிக் கறுப்பாக்கி வைத்திருந்ததைத்தான் பழக்கியது என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அது அன்று தெரியாது. 19ஆம் நாள் குழம்பு ரொம்பச் சுண்டிவிட்டதே என்று குழாயிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். விரல் சொடுக்கியது போல ஒரு சத்தம். அடியில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. அதன் வழியாகப் புளித்தண்ணீர் இறங்கி பர்னரை அணைத்துவிட்டது. கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் உண்டுதான். ஆனால் நன்றாகப் பழகிய சட்டிகூட அந்தச் சூட்டில் பச்சைத் தண்ணீரைத் தாங்காது.

இரண்டாவது சட்டியை வாங்கியதும் அதை எப்படிப் பழக்குவது என்று கேட்கத் திருவையாற்றுப் பெரியம்மாவுக்குத்தான் போன் செய்தேன்.

"கஞ்சி ஊத்தினியாடா?"

"குக்கர்லதான் வைக்கிறேன் பெரியம்மா, கஞ்சிக்கு எங்க போறது?"

"அப்ப பத்து நாளைக்குச் சோத்த வடி."

வடித்தேன். விளக்கெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்து உள்ளும் புறமும் தடவி ஒரு நாள் வைத்து, அப்புறம் தினமும் வடித்த கஞ்சியைச் சூடாகச் சட்டியில் ஊற்றி மறுநாள் காலையில் கொட்டுவது. வெளுத்த சாம்பல் நிறத்தில் இருந்த மாக்கல் நாலாம் நாளே கருக்கத் தொடங்கியது. பத்து நாள் கழித்துச் சிறு தீயில் வெந்நீர் மட்டும் காய்ச்சினேன், அதற்குப் பிறகுதான் குழம்பு. இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் வாங்க வேண்டாம், காசு வீண்.

இதில் நான் அதிகம் வைப்பது வத்தக்குழம்புதான். சட்டிக்குத் தகுந்தபடி என் கைப்பக்குவமே மாறிவிட்டது. முன்பு தாளிதத்தையும் இதிலேயே போடுவேன், வெந்தயம் கருகிவிடும். இரும்புச் சட்டியில் தீயைக் குறைத்தால் சூடு இதைவிடச் சீக்கிரம் இறங்கும். கல்லில் அடுப்பையே அணைத்தாலும் சூடு அப்படியே நிற்கும். அதனால் இப்போது தாளிதம் இரும்புக் கரண்டியில்: மூன்று ஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு, கால் ஸ்பூன் வெந்தயம், ஒரு ஸ்பூன் துவரம்பருப்பு, ஒரு வரமிளகாய், பெருங்காயம், கடைசியில் இரண்டு ஸ்பூன் மணத்தக்காளி வத்தல். வத்தல் பொரிந்து நிறம் மாறியதும் இறக்கிவிட வேண்டும்.

எலுமிச்சை அளவு புளியை மூன்று டம்ளர் தண்ணீரில் கரைத்துச் சட்டியில் ஊற்றி, இரண்டு ஸ்பூன் சாம்பார்ப் பொடி போட்டுச் சிறு தீயில் ஏற்றுகிறேன். உப்பைக் குறைத்தே போடுங்கள், வத்தலிலேயே உப்பு இருக்கிறது. கொதி வரவே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் குக்கரில் சோறு ஆகிவிடும். பொடி வாசனை போனதும் தாளிதத்தைக் கொட்டி, சுண்டைக்காய் அளவு வெல்லம் போட்டு, குழம்பு இன்னும் கொஞ்சம் நீர்க்க இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுவேன். அணைத்த பிறகும் சட்டியின் ஓரத்தில் குமிழி வந்துகொண்டே இருக்கும். நான் கைகால் கழுவிவிட்டு வந்து உட்காரும்போதும் நடுவில் ஒன்றிரண்டு வெடிக்கும். எண்ணெய் அதற்குப் பிறகுதான் மேலே மிதக்கிறது. வேண்டிய பதம் வரும்வரை அடுப்பில் வைத்தால் சாப்பிடும் நேரத்தில் துவையலாகிவிடும். இது பிடிபட எனக்கு நாலைந்து குழம்பு ஆயிற்று.

வத்தல் பெரியம்மா வீட்டிலிருந்து வருகிறது. சித்திரை வெயிலில் உப்பு மோரில் ஊறப்போட்டு, காயவைத்து, மறுபடி அதே மோரில் போட்டு எடுப்பார். ஐப்பசியில் கேட்டால் திட்டுதான் கிடைக்கும்.

கீரை மசியலுக்கும் இதுதான். சட்டியிலேயே மத்தால் கடையலாம், கனமாக இருப்பதால் நகராது. புளி போட்டால் களிம்பு ஏறுமோ என்ற கவலையும் இல்லை. பித்தளை என்றால் ஈயம் பூச ஆள் தேட வேண்டும். இதில் தயிர் தோய்த்தால் புளிக்காது என்கிறார்கள். நானும் தோய்த்துப் பார்த்தேன், எவர்சில்வருக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. பருப்பு வேகவைக்க, பொரியல் செய்ய இதை எடுப்பதில்லை, நேரம்தான் போகும். மீன் குழம்புக்கு மண்சட்டி தனியாக இருக்கிறது. கல்சட்டியில் ஒரு தடவை மீன் வைத்துவிட்டு மூன்று வாரம் ரசத்தில் வாசனை பிடித்தேன்.

கழுவுவதற்கு சோப்பு கிடையாது. சட்டி நன்றாக ஆறிய பிறகு சீயக்காய்த் தூளும் தேங்காய் நாரும் போதும். என்னைக் கடுப்பேற்றுவது கனம் ஒன்றுதான். இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்க வேண்டும், பிடி சின்னது, வழுக்கும். போன வருடம் சிங்கில் லேசாக இடித்து விளிம்பில் நகக்கண் அளவு பெயர்ந்துவிட்டது. குழம்பு ஊற்றும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து வீட்டம்மா வந்தால், முதல் நாள் வைத்து மிஞ்சிய குழம்பைப் பழையதோடு தொட்டுக்கொள்ளத்தான் கேட்பார். புதிதாக வைத்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்பார்.

அடுத்த மாதம் வீடு மாறுகிறேன். புது வீட்டுக்காரர், "தனி ஆளுதானே சார், இண்டக்ஷன் அடுப்பு வச்சுக்கங்களேன், கேஸ் எதுக்கு?" என்றார். கல் அதில் சூடே ஏறாது. சிலிண்டரையும் சட்டியையும் மடியில் வைத்துக்கொண்டாவது வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.