மொரிஸா, மிஷ்ஷா?

கோத்தகிரியில் எங்கள் வாசகர் வட்டம் அடுத்த மாதம் ஹிட்லரின் மெய்க்காவலர் ஒருவரைப் பற்றிப் பேசவிருக்கிறது. எமில் மொரிஸா, ரோகுஸ் மிஷ்ஷா என்பதில்தான் இழுபறி.

மிஷ் 1940இல் காவல் பணிக்கு வந்தவர். பெர்லின் பதுங்குகுழியில் தொலைபேசி இணைப்பு கொடுத்தார். 2013இல் இறக்கும்வரை ஹிட்லரை நல்ல முதலாளி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிடிவாதக்காரர், ஆனால் கதவுக்கு வெளியே நின்றவர்.

மொரிஸ் கடிகாரத் தொழிலாளி. நாஜிக் கட்சியின் ஆரம்பகாலத் தெருச்சண்டைகளில் முன்னால் நின்று, ஹிட்லருக்குக் கார் ஓட்டி, கட்சியின் காவல் படையான எஸ்.எஸ். படையின் 2ஆம் எண் உறுப்பினரானார். 1ஆம் எண் ஹிட்லருடையது. பிறகுதான் மொரிஸின் முன்னோரில் ஒருவர் யூதர் என்று தெரியவந்தது! எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர் 1935இல் அவரை வெளியேற்றச் சொன்னார், ஹிட்லர் மறுத்துவிட்டார். லட்சக்கணக்கானோரைக் கொன்ற இனத்தூய்மை, பழைய கூட்டாளிக்கு மட்டும் வளைந்துகொடுத்தது.

என் ஓட்டு மொரிஸுக்கு. இருவரையும் பேசலாம் என்பவர்கள் கடைசி பஸ்ஸை மறந்துவிட்டார்கள்.